எண்ணெய்க் கரண்டியும் சோற்றுக் கரண்டியும்: கொழுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் உணவு ஆலோசகராக உட்கார்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் லிப்பிட் புரொஃபைல் (ரத்தத்தில் உள்ள கொழுப்பின் அளவு) ரிப்போர்ட் இருக்கும், போனில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ இருக்கும். இரண்டில் வீடியோவைத்தான் முதலில் காட்டுவார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதி, நான் சொல்கிற பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

கொழுப்பு சாப்பிட்டால்தானே உடம்பில் கொழுப்பு சேரும்?

தமிழில் இந்த ஒரு வார்த்தை நாலு வேலை பார்க்கிறது. ஆட்டுக்கறியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் கொழுப்பு, தொப்பையில் இருப்பதும் கொழுப்பு, ரத்தப் பரிசோதனையில் வருவதும் கொழுப்பு, பையன் எதிர்த்துப் பேசினால் அதுவும் கொழுப்பு. குழப்பத்தில் பாதி இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. நெய் தோசையில் இருந்த நெய் அப்படியே வழுக்கிக்கொண்டு போய் இடுப்பில் உட்கார்ந்துகொள்ளும் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

உடம்பின் கணக்கு வேறு. தேவைக்கு மேல் உள்ளே போனது சோறானாலும் சர்க்கரையானாலும் எண்ணெயானாலும், மிச்சம் கடைசியில் கொழுப்பாகத்தான் சேரும். எண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். அதனால் கொஞ்சம் கை தாராளமாகப் போனாலும் கணக்கு சட்டென்று ஏறிவிடும். அதற்காக கொழுப்பு மட்டும்தான் குண்டாக்கும் என்று ஆகாது. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொழுப்பையும் மறு பாதியை மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து எடை பார்த்தால் இரண்டு பக்கமும் குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவு.

இன்னொன்று, ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. அது இல்லாமல் செல்லுக்குச் சுவர் கிடையாது, பல ஹார்மோன்களும் கிடையாது. ஏ, டி, இ, கே ஆகிய நான்கு விட்டமின்களும் கொழுப்பில்தான் கரையும். முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிட்டால் அதிலுள்ள கரோட்டினில் (உடம்பு விட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் சத்து) பெரும்பகுதி வீணாகப் போகும். ஒரு ஸ்பூன் எண்ணெயும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் போட்டு வதக்குவது ருசிக்கு மட்டும் இல்லை.

அப்படியென்றால் இத்தனை வருஷமாக ஏன் "கொழுப்பைக் குறை" என்றே சொன்னார்கள்?

சொன்னதில் உண்மை இருந்தது, கேட்டுக்கொண்ட விதத்தில் கோளாறு. ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958-இல் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பை (அறை வெப்பத்தில் உறையும் கொழுப்பு என்று புரிந்துகொள்ளலாம்) அதிகம் சாப்பிட்ட ஊர்களில் மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. மோசமான நிலையில் இருந்த ஊர்கள் ஃபின்லாந்தின் கிழக்குப் பகுதியில் இருந்தன. 1972 முதல் அங்கே வடக்குக் கரேலியாவில் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், புகைப்பதை விடுவது, உப்பைக் குறைப்பது என்று ஊரே மாறியது. அடுத்த நாற்பது வருஷத்தில் நடுவயது ஆண்களின் மாரடைப்பு மரணம் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் 1977-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செய்தி "எல்லாக் கொழுப்பையும் குறை" என்று சுருங்கிவிட்டது. கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். கொழுப்பை எடுத்தால் ருசி போகும், ருசிக்குச் சர்க்கரையையும் மாவையும் போட்டு, மேலே "லோ ஃபேட்" என்று அச்சடித்தார்கள். பிறகு சுமார் 48,800 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. மொத்தக் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவில் இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை.

இவ்வளவு ஆய்வுகளிலிருந்தும் நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்விதான்: எடுத்த இடத்தில் எதை வைத்தீர்கள்? வெண்ணெயை எடுத்துவிட்டு கடலை எண்ணெயோ மீனோ பருப்போ வைத்தால் இதயத்துக்கு லாபம். மைதா பிஸ்கட்டும் வெள்ளைச் சோறும் வைத்தால் லாபம் இல்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதன் பேரப்பிள்ளைகள்.

எண்ணெயே ஊற்றாமல் சமைத்தால் ரொம்ப நல்லதுதானே மேடம்?

இதைக் கேட்டவர் ரிட்டையர் ஆன ஒரு பெரியவர். மூன்று மாதமாக வீட்டில் தாளிப்பே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த மாமியின் முகத்தில் அந்தப் பெருமையைக் காணவில்லை. ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு முன்பைவிட ஏறியிருந்தது. லேப் தப்பாகப் பண்ணிவிட்டார்கள் என்பது அவர் கட்சி.

"காலையிலிருந்து சொல்லுங்கள் சார்" என்றேன். ஆறு இட்லி, சட்னியில் எண்ணெய் இருக்கும் என்பதால் சர்க்கரை தொட்டு. பதினோரு மணிக்குக் காபி, மாரி பிஸ்கட் நாலு. மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம். எண்ணெய் இல்லாமல் செய்த கறி வாயில் வைக்க முடியவில்லை என்று காயை விட்டுவிட்டார். சாயந்திரம் வறுத்தது வேண்டாம் என்று பொரி. இரவு கோதுமை ரவை உப்புமா, அதுவும் எண்ணெய் இல்லாமல். தொண்டையில் இறங்குவதற்கு வாழைப்பழம்.

அதாவது காலையிலிருந்து இரவு வரை மாவுச்சத்து. டிரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் ஒரு கொழுப்புதான், ஆனால் அதை ஏற்றிவிடுவதில் எண்ணெயைவிடச் சோறும் சர்க்கரையும் கெட்டிக்காரர்கள். கல்லீரல் மிதமிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. நம் ஊரில் இது பரவலான கோலம்: டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல் குறைவு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில் இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் வெளியிட்டார்கள். அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை வகையறா. அதே ஆய்வின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம்.

பெரியவருக்கு நான் சொன்னது இதுதான். தாளிப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆறு இட்லியை மூன்றாக்கி, சாம்பாரை இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று சாதத்தில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய் விட்டு வதக்கிய அவரைக்காயோ பீன்ஸ் பருப்பு உசிலியோ வையுங்கள். "அப்போ ரசம் சாதமா மோர் சாதமா?" என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாம்பலத்தில் அது குடும்பப் பிரச்சினை.

ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. நெய்யை நிறுத்திவிட்டேன். போதுமா?

போதாது. பெயரில் ஃபேட் இருப்பதால் எல்லோரும் முதலில் நெய்ச் சொம்பைத்தான் ஒளித்துவைக்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பு படிவதற்கு முக்கியக் காரணங்கள் வயிற்றுப் பருமன், கூடுதல் கலோரி, சர்க்கரையும் இனிப்புப் பானமும், உடம்பை அசைக்காமல் இருப்பது. மது குடிப்பவர்களுக்கு மது.

கைக்கணக்காகப் பாருங்கள். ஆபீஸில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 40 கிராம், 160 கலோரி. நாலு ஸ்பூன் எண்ணெய்க்குச் சமம். டீக்கடையில் நின்று நாலு ஸ்பூன் எண்ணெயைக் குடிப்பீர்களா என்று கேட்டால் அலறுவீர்கள்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வருகிறது. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வரும் உடல்வாகு அதிகம். எடை மெஷினைவிட டெய்லர் டேப் உண்மை பேசும்: ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் கவனம் தேவை. பேன்ட் அளவு 34 என்பதை வைத்துச் சமாதானம் ஆகாதீர்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறோம்.

நெய் நல்லதா, கெட்டதா? ஒரு முடிவு சொல்லுங்கள்.

நெய்யில் அறுபது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல்லை அது ஏற்றும். "தாத்தா தினமும் நெய் ஊற்றிச் சாப்பிட்டு தொண்ணூறு வயது இருந்தார்" என்பது தாத்தாவைப் பற்றிய தகவல். அவர் தம்பி ஐம்பத்திரண்டில் போனதை யாரும் சொல்வதில்லை.

அதேநேரம் பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விடுவதைக் குற்றம்போலப் பார்க்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு டீஸ்பூன் நெய்யில் 3 கிராம். மதியம் ஒன்று, இரவு ஒன்று என்றால் 6. இதுவரை பயமில்லை. ஆனால் அதே வீட்டில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலில் (கொழுப்பு அதிகமான பால்) மூன்று வேளை டபரா நிறையக் காபி என்றால் அதில் ஒரு 11 கிராம். மிச்சம் இருக்கும் 5 கிராமில் தேங்காய்ச் சட்னி, சமையல் எண்ணெய், மாலைப் பலகாரம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அதனால் நான் நெய்யை மட்டும் தனியாகக் கேட்பதே இல்லை, காபியையும் சேர்த்துத்தான் கேட்பேன். "நெய் உருக்கி, மோர் பெருக்கி" என்று பெரியவர்கள் சொன்னதில் பெருக்கச் சொன்னது மோரை. நெய்யை உருக்கத்தான் சொன்னார்கள்.

கடலை எண்ணெய் பாக்கெட்டில் "ஜீரோ கொலஸ்ட்ரால்" என்று போட்டிருக்கிறதே?

கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து வரும் உணவில்தான் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கிடையாது. தண்ணீர் கேனில் "எலும்பு இல்லாதது" என்று எழுதுவது மாதிரி.

மரச்செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டேன். இனி தாராளமாக ஊற்றலாமா?

இந்தத் "தாராளமாக" தான் ஆபத்து. சென்னையில் இப்போது தெருவுக்கு ஒரு செக்கு வந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தால் எள்ளோடு கருப்பட்டியைப் போட்டு ஆட்டுகிறார்கள், மணம் ஆளை இழுக்கிறது. வாங்குங்கள், எனக்கும் அந்த நல்லெண்ணெய்தான் பிடிக்கும். ஆனால் மரச்செக்கானாலும் ஆலையானாலும் கிராமுக்கு அதே 9 கலோரி. உள்ளே இருக்கும் கொழுப்பு வகைகளும் ஏறக்குறைய அவையே.

வித்தியாசம் சில்லறை விஷயங்களில். ரீஃபைண்ட் செய்யும்போது நிறத்தை நீக்கி, 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாசனையை எடுக்கிறார்கள். அதில் விட்டமின் இ போன்றவை ஓரளவு போய்விடுகின்றன. நல்லெண்ணெயில் மட்டும் இருக்கும் சில பொருள்கள் செக்கில் ஆட்டியதில் நன்றாகத் தங்குகின்றன. மறுபக்கமும் உண்டு: செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், ஆழமாகப் பொரிக்க அவ்வளவாக ஒத்துவராது. கடலையில் பூஞ்சை பிடித்திருந்தால் அதன் நச்சு செக்கு எண்ணெயில் வடிந்துவிடும், சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்களே கடலை கொண்டுபோய் ஆட்டுகிறீர்கள் என்றால் சுருங்கியது, கறுத்தது, முளைத்தது எல்லாவற்றையும் முறத்தில் போட்டுப் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள். கடையில் வாங்கினால் கடலை மூட்டை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். ரீஃபைண்ட் என்றால் விஷம் என்று வரும் வீடியோக்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறுகிறது.

ரேஷனில் கொடுக்கும் பாமாயில் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அதையே எல்லாவற்றுக்கும் ஊற்றாமல். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே, சூரியகாந்தியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதை விட்டுவிட்டு ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள் என்று நான் வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு அம்மாவிடம் சொன்னால் அது ஆலோசனை இல்லை, திமிர். அவரிடம் நான் சொல்வது: பாமாயிலைப் பொரிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு பொரிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், தினப்படித் தாளிப்புக்கு அரை லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேஷன் பாமாயிலைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சிப்ஸ், பிஸ்கட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். பெரும்பாலானவற்றில் பாமோலின் என்று இருக்கும். அதே பனைதான்.

தேங்காய் எண்ணெய் குடித்தால் எடை குறையுமாமே?

குடிக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, நெய்யைவிட அதிகம். எச்டிஎல்லை ஏற்றுகிறது என்பது உண்மை. எல்டிஎல்லையும் சேர்த்து ஏற்றுகிறது என்பதை வீடியோவில் வெட்டிவிடுகிறார்கள். அமெரிக்க இதய சங்கம் 2017-இல் இதை வெளிப்படையாகவே எழுதியது.

நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் ஊர்ச் சமையலில் அது மீனோடும் காயோடும் சேர்ந்து வருகிறது, அவியலில் கடைசியில் ஒரு ஸ்பூன் பச்சையாக விடுகிறார்கள். அதை யாரும் தடுக்கவில்லை. வழக்கமான சமையலுக்கு மேல் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் குடிப்பது வேறு கதை. தேங்காயாகவே சாப்பிட்டால் நார்ச்சத்தாவது கிடைக்கும். சட்னியில் பாதித் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை போட்டு அரைப்பது ஹோட்டல்காரர்கள் சிக்கனத்துக்குச் செய்வது. நாம் இதயத்துக்குச் செய்யலாம்.

ஆலிவ் எண்ணெய் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். நல்ல எண்ணெய்தான், ஸ்பெயினில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றும் அதற்குச் சாதகமாக இருக்கிறது. ஆனால் அங்கே அதைக் காய்கறி, பருப்பு, மீனோடு சாப்பிட்டார்கள். வத்தக்குழம்பில் ஊற்றிப் பார்த்த என் தங்கை மிச்ச பாட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டாள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் என்று இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நமக்குப் போதும்.

முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துவிட வேண்டுமா?

அண்ணா நகர் ஜிம்மிலிருந்து வரும் பையன்கள் பத்து வெள்ளைக் கரு சாப்பிட்டு, பத்து மஞ்சளைக் குப்பையில் கொட்டுகிறார்கள். பார்க்கவே மனது கேட்கவில்லை. ஒரு முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு, எல்லாம் மஞ்சளில். ஆனால் சாப்பிடும் கொலஸ்ட்ரால் ரத்தத்துக் கொலஸ்ட்ராலை நாம் பயந்த அளவுக்கு ஏற்றுவதில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துச் சரிக்கட்டிவிடும். நாளுக்கு 300 மில்லிகிராமுக்குள் என்று இருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதலே 2015-இல் எடுத்துவிட்டது. முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி, விட்டமின் ஏ, டி, கோலின் என்ற சத்து எல்லாம் மஞ்சளில்தான் இருக்கின்றன. ஆரோக்கியமானவர்கள் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். நீரிழிவோ, குடும்பத்தில் வழிவழியாக வரும் உயர் கொலஸ்ட்ராலோ இருந்தால் எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையை எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கு: அவித்த முட்டை ஒன்று, இரண்டு பரோட்டாவோடு வரும் கலக்கி இன்னொன்று.

மெரினா பஜ்ஜி?

ஒரு தடவை சாப்பிடுங்கள், ஆனால் முதலில் வாணலியைப் பாருங்கள். போன மாதம் ஒரு தள்ளுவண்டிக் கடை முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. மிளகாய் பஜ்ஜியைப் போட்டதும் ஓரங்களில் நுரை எழுந்தது, அடங்கவே இல்லை. எண்ணெய் குறைந்ததும் அண்ணன் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அதன் மேலேயே புது எண்ணெயை விட்டார். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் பழையது புதிதாகாது, புதியதும் சீக்கிரம் கெடும். நிறம் கறுப்பது, நுரை அடங்காமல் நிற்பது, கையில் பிசுக்கென்று கெட்டியாக ஒட்டுவது, பொரிக்கும் முன்பே புகைவது: எண்ணெய் தன் ஆயுளை முடித்துவிட்டது என்பதற்கு இவை அடையாளம். ஓட்டல், கடைகளில் எண்ணெய் எவ்வளவு கெட்டால் கொட்ட வேண்டும் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பே வைத்திருக்கிறது: சூட்டில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தள்ளுவண்டியில் அதை அளக்க நம்மிடம் இருப்பது கண்ணும் மூக்கும்தான். இன்னொன்று, பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்து எண்ணெயை எடுப்பதாக நினைத்துக்கொண்டு அச்சு மையைச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள்.

வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயைக் கொட்ட மனசு வராது, எனக்கும்தான். வடிகட்டி வைத்து, ஓரிரு நாளில் குழம்பிலோ பொரியலிலோ தாளித்துத் தீர்த்துவிடுங்கள். திரும்பப் பொரிக்காதீர்கள்.

நெய் வேண்டாம் என்று டால்டாவுக்கு மாறினோம், அது தப்பா?

தப்புதான், ஆனால் உங்கள் தப்பு இல்லை. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் வித்தையை ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 1901-இல் கண்டுபிடித்தார். டால்டா போன்ற வனஸ்பதி அப்படி வந்ததுதான். மலிவு, நாள்பட நிற்கும், நெய் மாதிரியும் இருக்கும். அதில் பக்கவிளைவாக உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும், எச்டிஎல்லையும் இறக்கும். இதுவரை சொன்ன எந்தக் கொழுப்புக்கும் ஏதோ ஒரு சமாதானம் சொன்னேன், இதற்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் வரம்பு 5 சதவீதத்திலிருந்து 2021-இல் 3 ஆகவும், 2022 ஜனவரியில் 2 ஆகவும் இறங்கியது. இப்போது வரும் வனஸ்பதி அந்தக் காலத்து வனஸ்பதி இல்லை. இருந்தாலும் பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் சூடாக இருக்கும் பஃப்ஸுக்கு லேபிள் கிடையாது. அது விண்டு விண்டு உதிர்வதே இடையிடையே தடவிய கெட்டிக் கொழுப்பால்தான். மாதத்துக்கு ஒன்று என்றால் போகட்டும். ஆபீஸ் மீட்டிங் தோறும் தட்டில் வருகிறதென்றால் யோசியுங்கள்.

பேலியோ இருந்து என் மச்சான் பதினைந்து கிலோ குறைத்தான். நானும் ஆரம்பிக்கவா?

பேலியோ என்றால் சோறு, சர்க்கரையை விட்டுவிட்டு கொழுப்பும் புரதமும் சாப்பிடும் டயட். சென்னையில் பத்து வருஷத்துக்கு முன் இந்த அலை அடித்தபோது நூறு பாதாம் எண்ணிக்கொண்டு வராத ஆளே இல்லை. நூறு பாதாம் ஏறக்குறைய 700 கலோரி. ஒரு வேளைச் சாப்பாடுதான், அற்புதம் ஒன்றும் இல்லை. சோறும் சர்க்கரையும் போனதால் பலருக்கு நீரிழிவு கட்டுக்குள் வந்தது, டிரைகிளிசரைடு இறங்கியது. நான் பார்த்திருக்கிறேன், மறுக்க மாட்டேன். முதல் வாரத்தில் குறைவதில் ஒரு பங்கு தண்ணீர் எடை. சிலருக்கு எல்டிஎல் பயமுறுத்தும் அளவுக்கு ஏறியதையும் பார்த்தேன். "எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை" என்று ஒரு குழுவில் சொன்னார்கள் என்பார்கள். பரவாயில்லை என்று சொல்ல அந்தக் குழுவில் யாருக்கும் உங்கள் ரத்தக்குழாய் தெரியாது.

அந்த அலை செய்த ஒரு நல்ல காரியம், சோறும் கணக்கில் வரும் என்று இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தது. ஆரம்பிப்பதானால் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள், மூன்று மாதத்தில் திரும்ப எடுங்கள். இன்சுலின், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம்.

ஆவினில் எந்தப் பாக்கெட்?

நீலத்தில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. எடையோ எல்டிஎல்லோ கூடியிருந்தால் நீலம். வளரும் பிள்ளைகள் இருந்தால் பச்சை. ஆரஞ்சு வாங்கித் தண்ணீர் கலக்கிக் குடிக்கிறேன் என்பவர்கள் நீலத்தையே வாங்கிக் காசை மிச்சப்படுத்தலாம். பழ வாசனை போட்ட "லோ ஃபேட்" தயிர்க் கிண்ணத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் பாருங்கள். வீட்டுத் தயிருக்கு லேபிளே வேண்டாம்.

வேர்க்கடலை கொழுப்புதானே, விட்டுவிடட்டுமா?

ஏன் விட வேண்டும்? நூறு கிராமில் 49 கிராம் கொழுப்பு, உண்மை. பெரும்பகுதி நல்ல வகை. 26 கிராம் புரதமும் இருக்கிறது. ஒரு கைப்பிடி, வறுத்ததோ அவித்ததோ, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில். சினிமா பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைக் காலி செய்வது கைப்பிடியில் சேராது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் இரண்டு நாள் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி. ஒமேகா 3 என்ற கொழுப்பு வகை நிறைய உள்ள மீன்கள் அவை. காசிமேட்டில் வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் இவற்றைப் பை நிறைய அள்ளலாம். வறுக்காமல் குழம்பு வையுங்கள்.

குழந்தைக்கு நெய் போடலாமா?

தாராளமாக. தாய்ப்பாலில் ஏறக்குறைய பாதிக் கலோரி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. இரண்டு வயதுக்குள் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. அம்மாவின் டயட்டைக் குழந்தையின் தட்டில் வைக்காதீர்கள்.

கடைசியாக, எவ்வளவு எண்ணெய் சரி? எப்படி அளப்பது?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 27 கிராம். ஆறு டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்பது மேல் எல்லை. எடை கூடியவர்கள் அதற்கும் கீழே.

நாளுக்கு ஆறு ஸ்பூன் என்று எண்ணிக்கொண்டு யாராலும் சமைக்க முடியாது. மூக்கு வைத்த தூக்கிலிருந்து கை போன போக்கில் ஊற்றித்தான் நமக்குப் பழக்கம். அதனால் மாதக் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிக்கும் நாளில் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள், நெய்ப் பாட்டிலுக்கும் போடுங்கள். மாதக் கடைசியில் கூட்டி, வீட்டில் சாப்பிடும் ஆட்களால் வகுத்தால் தெரிந்துவிடும். பண்டிகை மாதம் எகிறும், அது பரவாயில்லை.

இப்படிச் சொன்ன மறுமாதம் ஒரு மாமி கவலையோடு வந்தார். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் நல்லெண்ணெய் மட்டும் இரண்டு லிட்டர் போயிருக்கிறது, பலகாரமும் செய்யவில்லை, அளந்து அளந்துதான் ஊற்றினாராம். காலண்டரையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். கோடுகள் சரியாகத்தான் இருந்தன. இருவரும் சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தோம், தோசை, தாளிப்பு, மிளகாய்ப் பொடி, சனிக்கிழமை அவர் தலைக்குத் தேய்த்துக்கொள்வது. ஒரு லிட்டருக்கு மேல் கணக்கு இடித்தது. நாற்காலியை விட்டு எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"சுவாமி விளக்கு" என்றார்.